ஆலிஸ் கீ: ஜூலை 1 திரையிடலுக்கு எந்தப் படங்கள், எந்த வாசகம்?

திரைநேசன்:
நண்பர்களே, ஜூலை 1 திரைப்பட இயக்குநர் ஆலிஸ் கீ-பிளாஷே பிறந்தநாள். நம் குழுவின் மாதத் திரையிடலை இந்த முறை முழுக்க அவருக்கே ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1873இல் பாரிஸை ஒட்டிய சேன்-மாந்தேயில் பிறந்தார். அப்பா சிலி நாட்டில் புத்தகக் கடைகள் நடத்தியவர். தொழில் நொடித்து அவரும் இறந்துபோக, குடும்பப் பாரம் மகள் தலையில் விழுந்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, 1894இல் ஒரு புகைப்படக் கருவி நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் லெயோன் கோமோன் கைக்கு வந்தது. 1895 மார்ச்சில் லூமியேர் சகோதரர்கள் அசையும் படம் காட்டும் தங்கள் கருவியை அறிஞர்கள் கூட்டமொன்றில் இயக்கிக் காட்டியபோது, முதலாளியோடு அவரும் போய்ப் பார்த்தார். தொழிற்சாலையை விட்டு ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். இதில் கதை சொல்லலாமே என்று தோன்றி முதலாளியிடம் அனுமதி கேட்டார். அலுவலக வேலை கெடக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அப்படித் தொடங்கி சுமார் பத்தாண்டு கோமோனின் படத்தயாரிப்பு முழுவதையும் அவர்தான் நடத்தினார்.

சுவரொட்டிக்கு நான் யோசித்த வாசகம்: "உலகின் முதல் கதைப்படத்தை எடுத்தவர், உலகின் முதல் பெண் இயக்குநர்". உங்கள் கருத்தையும், எந்தப் படங்களைப் போடலாம் என்பதையும் சொல்லுங்கள்.

முகில்வாணன்:
திரையிடலுக்கு முழு ஆதரவு. வாசகத்தில் முதல் பாதி வேண்டாம் தோழர். தோட்டக்காரன் முகத்தில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சும் லூமியேர் படம் 1895. ஒரு நிமிடம்கூட ஓடாது, ஆனால் அது கதைதான். முட்டைக்கோஸுக்குள்ளிருந்து தேவதை குழந்தைகளை எடுக்கும் ஆலிஸின் முதல் படமான முட்டைக்கோஸ் தேவதையை 1896 என்று அவரே நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்று நம் கையில் இருக்கும் படத்தை ஆய்வாளர்கள் 1900 என்கிறார்கள். 1902இல் அதே கருவை வைத்து இன்னொரு படமும் எடுத்தார். இளம் தம்பதி கடைக்குப் போய்க் குழந்தை வாங்குகிற கதை. அந்தப் படத்தின் புகைப்படங்களை முதல் படத்தின் பெயரில் போட்டு நிறையப் பேர் குழப்பிவிட்டார்கள். 1896இல் 60 மில்லிமீட்டர் சுருளில் எடுத்தது தனிப்படம், அது அழிந்துவிட்டது என்று வாதிடுபவர்களும் உண்டு. முடியாத வழக்கு இது. அதைச் சுவரொட்டியில் ஏன் ஏற்ற வேண்டும்?

கயல்:
முகில், ஆவணம் இல்லை என்பதற்காகவே பெண்களைத் தள்ளிவைப்பது பழைய பழக்கம். 1896 என்று சொன்னது வேறு யாரோ இல்லை, எடுத்தவரே. ஆண் ஒருவர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருந்தால் இவ்வளவு குறுக்கு விசாரணை நடந்திருக்குமா?

முகில்வாணன்:
நடந்திருக்க வேண்டும், கயல். ஆணோ பெண்ணோ, அரை நூற்றாண்டு கழித்து எழுதிய தேதியைச் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அவர் மேல் சந்தேகமே இல்லை. அந்த ஒரு "முதல்" விழுந்தால் மொத்தப் பெருமையும் விழுந்துவிடும் என்பதுபோல நாமே கட்டிவைக்கிறோமே, அதுதான் என் பயம். ஒரு தேதியைத் தட்டிவிட்டால் கலைந்துபோகிற ஆள் இல்லை அவர். சுமார் ஆயிரம் படங்கள் அவர் கையால் வந்திருக்கின்றன என்கிறார்கள். எஞ்சியது நூற்றைம்பது போல. பெண் இயக்குநர் என்ற வகையில் முதலிடம் எப்படியும் அவருக்குத்தான், அதில் யாருக்கும் தகராறு இல்லை.

வளர்மதி_எடிட்டிங்:
தேதியை விட்டுவிட்டுப் படத்துக்கு வாருங்கள். என் வாக்கு "மதாம் ஆ தெஸாங்வி"க்கு. 1906 வாக்கில் எடுத்தது, நான்கு நிமிடம்தான். மசக்கை வந்த பெண்ணின் கதை. நிறைமாதக்காரி தெருவில் நடந்துபோகிறாள், பின்னால் புருஷன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். ஒரு சிறுமியின் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்குகிறாள். ஓட்டலில் ஒருவர் வாங்கி வைத்த மதுக்கோப்பையை எடுத்துக் குடிக்கிறாள். பிச்சைக்காரரின் மீனையும் விடவில்லை, நடைவியாபாரியின் புகைக்குழாயையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஷாட் மாறுகிறது. தெரு மறைந்து, வெற்றுப் பின்னணியில் அவள் மட்டும், நமக்குப் பக்கத்தில். உறிஞ்சுகிறாள், கண் சொருகுகிறது, முகம் முழுக்க ருசி. பிறகு மறுபடி தெரு, சத்தம், சண்டை.

குளோசப்பை அவர்தான் கண்டுபிடித்தார் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பிரிட்டனில் இயக்குநர் ஜி.ஏ. ஸ்மித் 1900இலேயே ஒரு படத்தில் பாட்டியின் பூதக்கண்ணாடி வழியாகப் பொருள்களை அருகில் காட்டிவிட்டார். அங்கே கண்ணாடியில் தெரியும் பொருள் பெரிதாகிறது. இங்கே ஒரு பெண்ணின் ஆசை பெரிதாகிறது. தெருவிலிருந்து பார்த்தால் அவள் திருடி. அருகில் போனால் அந்த ருசி நம் நாக்கிலேயே ஏறுகிறது. ஒரே வெட்டில் பார்வையாளரைக் கட்சி மாற வைக்கிறார். குளோசப்புக்குப் பெயர்போன அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் முதல் படத்தை இயக்கியதே 1908இல்தான். என் மாணவர்களுக்கு ஷாட் அளவு பற்றிப் பாடம் எடுக்கும்போது நான் முதலில் போடுவது இந்தப் படத்தைத்தான்.

கடைசியில் குழந்தை எங்கே பிறக்கிறது தெரியுமா? முட்டைக்கோஸ் வயலில்! தன் பழைய படத்தைத் தானே தொட்டுக்கொள்கிறார்.

பழைய ஆபரேட்டர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் முப்பது வருசத்துக்கு மேல தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன். ஒரு விஷயம் மட்டும் சொல்லிக்கறேன். அந்தக் காலத்துப் படங்கள செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல ஓட்டாதீங்க. ஆளுங்க எல்லாம் தத்தக்கா பித்தக்கான்னு நடப்பாங்க, ஜனங்க சிரிக்கும். அந்தச் சிரிப்பு டைரக்டருக்குச் சேராது, மெஷினுக்குத்தான் சேரும். 16லேருந்து 18 ஃப்ரேம் வேகத்துல சரிபண்ண பதிப்பாப் பாத்து வாங்குங்க. இணையத்துல கெடைக்கிறதுல பாதி வேகம் தப்பு. அப்புறம், இசை இல்லாம போடாதீங்க. அந்தக் காலத்துலயே பியானோவாவது இருக்கும்.

திரைநேசன்:
நன்றி ஐயா. கோமோன் நிறுவனம் 2008இல் வெளியிட்ட டிவிடி தொகுப்பில் அவருடைய பிரெஞ்சுப் படங்கள் நிறைய உண்டு. அமெரிக்கப் படங்களுக்கு கினோ லார்பர் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த முன்னோடிப் பெண் இயக்குநர்கள் தொகுப்பு. இரண்டும் நண்பர் ஒருவரிடம் இருக்கின்றன. இணையத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை.

வளர்மதி_எடிட்டிங்:
ஆபரேட்டர் ஐயா இசை பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. மௌனப்பட இயக்குநர் என்று மட்டும் போட்டால் அவர் செய்ததில் ஒரு பெரிய பங்கு விட்டுப்போகும். படத்தோடு ஒலியையும் சேர்த்து ஓட்டும் கோமோனின் குரோனோஃபோன் கருவிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுப் படங்களை எடுத்திருக்கிறார், "ஃபோனோஸேன்" என்று பெயர். முதலில் பாடகர் குரலைத் தட்டில் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு அதை ஒலிக்கவிட்டு, பாடகர் வாயசைக்க, கேமரா ஓடும். நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, பிளேபேக்தான். மயோல், திரானெம் போன்ற அந்தக் காலத்துப் பாரிஸ் மேடைப் பாடகர்களை 1905 வாக்கில் இப்படிப் படமெடுத்தார்.

அந்தப் படப்பிடிப்பையே எடுத்து வைத்த சிறு படமொன்றும் இருக்கிறது. ஸ்டுடியோவில் நாட்டியக்காரர்கள், பெரிய ஒலிபெருக்கிக் குழல்கள், கேமராக்காரர், நடுவில் நீளப் பாவாடையோடு நின்று எல்லோரையும் ஒழுங்குபடுத்தும் ஆலிஸ். தளத்தில் வேலை செய்யும் இயக்குநராக அவரைக் கண்ணால் பார்க்கலாம். நிகழ்ச்சியை இதில்தான் தொடங்க வேண்டும். அறிமுக உரையெல்லாம் அப்புறம்.

கயல்:
ஆமாம் அக்கா, கட்டாயம் அதுதான் முதலில். அடுத்து "லே ரெஸுல்தா து ஃபெமினிஸ்ம்", 1906. ஆண்கள் வீட்டில் துணி தைத்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருக்க, பெண்கள் கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், வழியில் போகும் ஆணை மடக்கித் தொல்லை கொடுக்கிறார்கள். ஏழு நிமிடத்தில் உலகத்தையே திருப்பிப் போடுகிறார்.

முகில்வாணன்:
அந்தப் படத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. பெண்களுக்கு உரிமை கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பயமுறுத்தும் கேலிச் சித்திரங்கள் அப்போது ஐரோப்பா முழுக்க வந்தன. தலைப்பே "பெண்ணியத்தின் விளைவுகள்". கடைசியில் ஆண்கள் திரண்டு வந்து பெண்களை விரட்டிவிட்டுக் கடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது பெண்ணியப் படமா, எதிர்ப் படமா?

கயல்:
பூங்காவில் ஓர் ஆணை ஒரு பெண் வற்புறுத்தும் காட்சியை நன்றாகப் பாருங்கள். அவன் கூசுகிறான், நகர்கிறான், முகத்தை மூடிக்கொள்கிறான். ஒருத்தி தினமும் தெருவில் படும் பாட்டை ஓர் ஆண் உடம்பில் ஏற்றிக் காட்டுகிறார். அரங்கில் சிரிக்கிற ஆணுக்கு, தான் அன்றாடம் செய்வது என்னவென்று தெரிந்துவிடும். முடிவில் அவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள் என்றால், அந்த நிலையில் யார் இருந்தாலும் கிளர்ந்தெழுவார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. வெறும் பெண்ணெதிர்ப்புக் கேலி என்றால் இதே கதையை 1912இல் அமெரிக்காவில், தன் சொந்தக் காசில், "இன் த இயர் 2000" என்று மறுபடி எடுத்திருப்பாரா? அந்தப் படம் தொலைந்துவிட்டது, அதுதான் வருத்தம்.

முகில்வாணன்:
அந்தப் பூங்காக் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. முடிவைப் பற்றி எனக்கு இன்னும் திருப்தி இல்லை. போடுவோம். முடிந்ததும் பேசப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

செல்வி_நூலகம்:
இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நீங்கள் படங்களைப் பேசுகிறீர்கள், நல்லது. அவரைக் கௌரவிப்பது என்றால் அவருக்கு என்ன மறுக்கப்பட்டது என்பதையும் பேச வேண்டும்.

1907இல் ஹெர்பெர்ட் பிளாஷேயை மணந்து அமெரிக்கா போனார். போவதற்கு முன் தன் இடத்துக்கு லூயி ஃபெயாதை முதலாளியிடம் பரிந்துரைத்துவிட்டுப் போனார். பின்னாளில் பிரெஞ்சு சினிமாவின் பெரிய பெயர்களில் ஒன்றான அந்த ஃபெயாத், அவரிடம் கதை எழுத வந்தவர். 1908இல் மகள் பிறந்தாள். 1910இல் சொலாக்ஸ் என்று சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். 1912இல் நியூ ஜெர்சி ஃபோர்ட் லீயில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து ஸ்டுடியோ கட்டினார். அந்த ஆண்டில்தான் மகனும் பிறந்தான். "இயல்பாக இரு" என்று நடிகர்களுக்காக ஸ்டுடியோவில் எழுதி மாட்டியிருந்தாராம். மேடை நாடக மிகை நடிப்பு கொடிகட்டிப் பறந்த காலம் அது.

1913இல் நிறுவனத் தலைவர் பதவியைக் கணவரிடம் கொடுத்தார், தான் இயக்கத்தில் கவனம் செலுத்தலாம் என்று. சில மாதத்திலேயே கணவர் விலகித் தன் பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார், அதே ஸ்டுடியோவில். பிறகு சந்தை குறும்படங்களை விட்டு நீளப் படங்களுக்கு மாறியது, விநியோகம் பெரிய கைகளுக்குப் போனது, தொழிலே கலிபோர்னியாவுக்கு நகர்ந்தது. 1918இல் கணவர் ஹாலிவுட்டுக்குப் போய்விட்டார். 1920இல் வெளிவந்த கடைசிப் படத்தை எடுக்கும்போது ஸ்பானிஷ் காய்ச்சலில் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். ஸ்டுடியோ கடனில் போனது. 1922இல் இரண்டு பிள்ளைகளோடு பிரான்சுக்குத் திரும்பினார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சினிமாவில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை.

எனக்கு நெஞ்சு பொறுக்காதது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1927இல் தன் படங்களைத் தேடி அமெரிக்கா போகிறார். அமெரிக்காவின் தேசிய நூலகமான காங்கிரஸ் நூலகம்வரை போய்ப் பார்த்தும் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. வேலை கேட்டுப் போனால் காட்டுவதற்கு ஒரு சுருள் இல்லை. 1930 வாக்கில் கோமோன் நிறுவனம் வெளியிட்ட தன் வரலாற்றில் 1907க்கு முந்தைய படத்தயாரிப்பே இல்லை. அதாவது அவர் இருந்த காலம் முழுவதும் இல்லை. அவர் எழுதிக் கேட்டார், திருத்துகிறேன் என்று கோமோன் வாக்குக் கொடுத்தார். 1946இல் கோமோன் இறக்கும்வரை திருத்தம் அச்சேறவில்லை. வரலாற்று நூல்களில் அவர் படங்கள் மற்றவர்கள் பெயரில் வந்தன. 25 காட்சிகளும் முந்நூறு துணை நடிகர்களும் கொண்டு 1906இல் எடுத்த இயேசுவின் வாழ்க்கைப் படம், உதவியாளராக இருந்த விக்தோரன் ழாஸேயின் பெயரில் ஏறியது.

அதனால் முதுமையில் என்ன செய்தார்? உட்கார்ந்து, தன் படங்களின் பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதினார். எது என்னுடையது, யார் நடித்தார்கள், யார் கேமரா என்று. நினைவுக் குறிப்பு எழுதினார், பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1968இல் நியூ ஜெர்சியில் 94 வயதில் இறந்தார். புத்தகம் 1976இல் வந்தது. அவர் கேட்டது பட்டமோ சிலையோ இல்லை. நான் எடுத்ததை நான் எடுத்தது என்று எழுதுங்கள் என்று கேட்டார்.

ஆகவே சுவரொட்டியில் "முதல்" என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்பது எனக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதன் பெயர், ஆண்டு, "இயக்கம்: ஆலிஸ் கீ" என்று தமிழில் ஓர் அட்டை காட்டுங்கள். அந்தப் படங்கள் பலவற்றில் இயக்குநர் பெயரே கிடையாது, நிறுவன முத்திரை மட்டும்தான். அந்த அட்டைதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

கயல்:
செல்வி அக்கா, இதைப் படித்துவிட்டு வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை. அட்டைகளை நான் வடிவமைக்கிறேன்.

இரவிச்சந்திரன்_கே:
நல்ல இழை. ஒரு சின்ன மறுப்பு. அவரை முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்ற தொனி இன்றைக்குப் பொருந்தாது. பிரெஞ்சு அரசு 1950களிலேயே தன் உயரிய விருதான லெஜியோன் தொனேரைக் கொடுத்தது. 1957இல் பிரான்சின் திரைப்படக் காப்பகமான சினிமாதேக் ஃபிரான்சேஸில் அவருக்கு விழா நடந்தது. 2011இல் அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் மறைவுக்குப் பிந்தைய வாழ்நாள் விருது கொடுத்தது. அடுத்த ஆண்டு ஃபோர்ட் லீ திரைப்பட ஆணையம் அவர் கல்லறையில் புதுக் கல் நட்டது. முதல் பெண் இயக்குநர், முதல் பெண் ஸ்டுடியோ தலைவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள், சொலாக்ஸின் சூரிய முத்திரையும் உண்டு. அவரைப் பற்றிய பமேலா கிரீனின் ஆவணப்படம் 2018இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சேன் நதிக்கரையில் எழும்பிய பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகளில் ஒன்று இவருடையது. இன்னும் என்ன வேண்டும்?

செல்வி_நூலகம்:
எல்லாம் உண்மைதான் சார், எனக்கும் மகிழ்ச்சிதான். 1957 விழாவைப் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் தொடக்க விழாவில் அந்தச் சிலையை உலகமே பார்த்தது. பார்த்தவர்களில் எத்தனை பேர் அவருடைய ஒரு நான்கு நிமிடப் படத்தையாவது பார்த்திருப்பார்கள்? சிலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலையோடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

முகில்வாணன்:
அமெரிக்கப் படங்களில் "எ ஃபூல் அண்ட் ஹிஸ் மணி" (1912) போடுவதா? முழுக்கக் கறுப்பின நடிகர்களே நடித்து இன்று எஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது. பல காலம் தொலைந்துபோய், ஒரு பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து மீண்டது. கறுப்பின நடிகர்களோடு நடிக்க வெள்ளை நடிகர்கள் மறுத்ததால்தான் இப்படி ஆனது என்று சொல்வார்கள். ஆனால் கதையில் அந்தக் காலத்துக் கேலிப் படிமங்கள் அப்படியே இருக்கின்றன. திடீர்ப் பணம் கிடைத்த ஆள் பகட்டுகிறான், சீட்டாட்டத்தில் ஏமாந்து எல்லாவற்றையும் விடுகிறான்.

வளர்மதி_எடிட்டிங்:
போட வேண்டும், சொல்லிவிட்டுப் போட வேண்டும். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்த காலத்தில் கறுப்பின நடிகர்களையே முழுப் படத்துக்கும் நிறுத்தினார் என்பதும் உண்மை. அவர்களுக்கு அவர் கொடுத்த கதை தன் காலத்து இனப் பார்வையைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. அவர் மேல் மதிப்பு இருக்கிற இடத்தில் இதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் நிறைவுப் படமாக "ஃபாலிங் லீவ்ஸ்" (1912) வையுங்கள். அக்காவுக்குக் காசநோய். மரத்தில் கடைசி இலை உதிர்வதற்குள் போய்விடுவாள் என்று டாக்டர் சொல்வது குட்டித் தங்கை காதில் விழுகிறது. அந்தக் குழந்தை நூலை எடுத்துக்கொண்டு, ராத்திரி உடையோடு தோட்டத்துக்குப் போய், இலைகளைக் கிளையோடு கட்ட ஆரம்பிக்கிறாள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்த இடத்தில் இன்னும் தொண்டை அடைக்கும். குழந்தையை அழவைத்து நம்மையும் அழவைக்கும் வேலை இல்லை. ரொம்ப மும்முரமாக, ஒரு வீட்டு வேலை மாதிரி, அவள் கட்டிக்கொண்டிருக்கிறாள். "இயல்பாக இரு" என்று மாட்டியிருந்தாரே, அதன் பொருளை அங்கே பார்க்கலாம்.

பழைய ஆபரேட்டர்:
அந்தப் படத்துக்கு வயலின் ஒண்ணு போதும். மேளதாளம் எல்லாம் வேண்டாம். என் பேரன் வாசிப்பான், கேட்டுச் சொல்றேன்.

கயல்:
1914இல் அவர் ஒரு சினிமாப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு கருத்தைச் சுவரொட்டியில் போடலாமா? படமெடுப்பதில் ஆணுக்கு எளிதாக வரும் எதுவும் பெண்ணுக்கும் அதே எளிமையோடு வரும், அந்தக் கலையின் எல்லா நுணுக்கத்தையும் அவளால் கைவசப்படுத்த முடியும் என்று எழுதினார். அமெரிக்காவில் பெண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வராத காலம்.

முகில்வாணன்:
போடலாம். அதற்கு எந்தத் தேதித் தகராறும் இல்லை.

திரைநேசன்:
எல்லோருக்கும் நன்றி. முடிவானது இது. சுவரொட்டியில் பெயர், பிறந்த ஆண்டு, 1914 கட்டுரையின் கருத்து. "முதல் பெண் இயக்குநர்" இருக்கும், "முதல் கதைப்படம்" இருக்காது. தொடக்கத்தில் படப்பிடிப்புத் தளத்தில் அவரைக் காட்டும் சிறு படம். பிறகு முட்டைக்கோஸ் தேவதை, ஆண்டு 1900 என்ற அட்டையோடு. அடுத்து மசக்கைப் படம். ரெஸுல்தா முடிந்ததும் கயலும் முகிலும் பேசுகிறார்கள், பத்து நிமிடம். இடைவேளைக்குப் பின் செல்வி அக்கா அந்தப் பட்டியல் எழுதிய ஆண்டுகளைப் பற்றிப் பேசுவார். அதற்குப் பின் "எ ஃபூல் அண்ட் ஹிஸ் மணி", வளர்மதி முன்னுரையோடு. நிறைவாக "ஃபாலிங் லீவ்ஸ்". எல்லாப் படங்களும் சரியான வேகத்தில் ஓடுகின்றனவா என்று முந்தைய நாளே ஆபரேட்டர் ஐயா வந்து பார்த்துவிடுவார்.

அமெரிக்கப் படங்களின் டைட்டில் கார்டுகளை அரங்கில் தமிழில் வாசிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார். இன்னொருவர் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், வாசகங்களை அனுப்பிவைக்கிறேன்.

இரவிச்சந்திரன்_கே:
நான் வாசிக்கிறேன். ஒத்திகை எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்.